தறிக்கு மோட்டார் வேண்டாம், ராட்டைக்கு வேணும்

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு டைட்டில் குடுக்குற சீசன் வந்தாச்சு. ஜூனியர்ஸ் எல்லாரும் ஹாஸ்டல் மாடியில உக்காந்து "எதை ஆட்டோமேட் பண்ணலாம்"னு மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்கீங்க. அதனால எங்க ப்ராஜெக்ட் எப்படி ஊத்திக்கிச்சு, அது ஊத்திக்கிட்டது ஏன் நல்லதுன்னு இந்த இதழ்ல எழுதலாம்னு தோணிச்சு. எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியம்தான், அதனால என் தமிழ் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். எடிட்டர் டீம் திருத்தின பிறகும் மிச்சம் இருக்கிற தப்பெல்லாம் என் கணக்கு.

எல்லாம் ஒரு வீடியோவில் இருந்து ஆரம்பிச்சது. அமெரிக்காவில் ஆமிஷ் மக்கள் வீட்டில் ஒருத்தர் ஒரு நாள் தங்கி எடுத்த வீடியோ. வீட்டுக்குக் கரண்ட் லைன் கிடையாது. கார் கிடையாது, குதிரை வண்டிதான். வீட்டுக்குள்ள போன் கிடையாது. எங்க ரூம்ல அஞ்சு பேர் ஒரே லேப்டாப்பைச் சுத்தி உக்காந்து பார்த்தோம். "வைஃபை இல்லாம எப்படிடா வாழுறாங்க"னு ஒருத்தன் கேட்டான். "நம்ம ஹாஸ்டல்லயும் அதே கதிதான்"னு இன்னொருத்தன் சொன்னான். சிரிச்சோம். என் ரூம்மேட் மட்டும் சிரிக்கல. "எங்க வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் இருந்து பாரு. கரண்ட் போனாலும் எங்கப்பா வேலை நிக்காது"ன்னான்.

அவங்க அப்பா கைத்தறி நெசவாளர். ஊர் ஜலகண்டாபுரம் பக்கம். மூணு வருஷமா ஒரே ரூம்ல இருந்தும் எனக்கு அது தெரியாது. "அப்பா டெக்ஸ்டைல் ஃபீல்டு"ன்னு சொல்லியிருந்தான். நானும் ஏதோ கம்பெனினு நினைச்சுக்கிட்டேன்.

எனக்கு உடனே பல்பு எரிஞ்சது. ப்ராஜெக்ட்! குழித்தறிக்கு ஒரு மோட்டார், இழை அறுந்தால் நிறுத்த ஒரு சென்சார், எத்தனை ஊடை ஓடியிருக்குன்னு போன்ல காட்ட ஒரு ஆப். டைட்டில்ல 'ஸ்மார்ட்', 'ஐஓடி' ரெண்டு வார்த்தையும் இருந்தா ரிவ்யூ பாதி முடிஞ்ச மாதிரி. டேப், வெர்னியர், நோட்டு எல்லாம் எடுத்துக்கிட்டு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரெண்டு பேரும் கிளம்பினோம்.

அந்த வீட்டில் இரண்டு நாள்

திருச்செங்கோட்டுல இருந்து சங்ககிரி, எடப்பாடி வழியா போனோம். எடப்பாடியில பஸ் நின்னப்போ ஜன்னல் வழியா விசைத்தறிச் சத்தம் வந்துச்சு. தகர டப்பாவுல ஆயிரம் ஆணியைப் போட்டு விடாம ஆட்டுற மாதிரி ஒரு சத்தம். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் இருந்து வர்ற பசங்களுக்கு இது தாலாட்டு. எனக்குக் காது அடைச்சது.

ரூம்மேட் வீட்டுத் தெருவுல அந்தச் சத்தம் இல்லை. ஓட்டு வீடு. முன் அறையில பாதி இடத்தைத் தறி பிடிச்சிருக்கு. தரையில தோண்டின குழிக்குள்ள காலை விட்டு, தரை மட்டத்துல உக்காந்துதான் நெய்யணும். மிதிகட்டை குழிக்குள்ள இருக்கும். மண்ணோட ஈரம் இழையை முறுக்காம வச்சிருக்கும், குழி இருக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம்னு அப்பா சொன்னார். ஒரு ஹ்யூமிடிட்டி கன்ட்ரோல் சிஸ்டத்தை மண்வெட்டியால பண்ணி முடிச்சிருக்காங்க.

காலையில அஞ்சரைக்கு என்னை எழுப்பி விட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரரோட புதுப் பாவை அன்னைக்குத் தெருவுல நீட்டணும். பாவுன்னா சேலைக்கு நீளவாக்குல ஓடுற இழைகள். வெயில் ஏறினா பட்டு காஞ்சிடும், அதனால விடியக்காலையிலேயே முடிச்சாகணும். தெருவோட இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் பாவை இழுத்துக் கட்டி, ஆயிரக்கணக்கான இழைகளைக் கையால தட்டி, பிரிச்சு, சிக்கெடுத்து, அறுந்ததை முடிஞ்சாங்க. எட்டு வீட்டு ஆட்கள் வந்திருந்தாங்க. பல்லு விளக்காத ஒரு சின்னப் பையன்கூட ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். இதுக்குக் கூலி கிடையாது. நாளைக்கு உன் பாவுக்கு நான் வருவேன், அவ்வளவுதான் கணக்கு. அந்த வீடியோவில் ஆமிஷ் ஆட்கள் ஊரே சேர்ந்து ஒரு வீட்டுக்காரருக்குக் களஞ்சியக் கொட்டகை எழுப்பிக் குடுத்ததைப் பார்த்து "வாவ்"னு சொன்னது ஞாபகம் வந்துச்சு. அதே விஷயம் என் காலேஜில் இருந்து ரெண்டு மணி நேர பஸ் தூரத்துல நடக்குது.

ஏழு மணிக்கு அப்பா தறியில இறங்கினார். அதுக்கப்புறம் அந்த வீட்டோட கடிகாரமே தறிதான். டக், டக்னு ஒரு சீரான சத்தம். அது நின்னா அடுப்படியில இருந்து அம்மா எட்டிப் பார்ப்பாங்க, இழை அறுந்துச்சா, தார் தீர்ந்துச்சான்னு. 'தார்'னு முதல் தடவை கேட்டப்போ நான் ரோடு போடுற தார்னு நினைச்சேன். "எதுக்கு அங்கிள் வீட்டுக்குள்ள தார்?"னு கேட்டு அந்த வீட்டுக்கே அன்னைக்கு நான்தான் காமெடி. நாடாவுக்குள்ள வைக்கிற குச்சியில சுத்தின ஊடை நூலுக்குப் பேரு தார். அதை ராட்டையில சுத்திக் குடுக்கிறது அம்மா வேலை.

மத்தியானம் என்னை உக்கார வச்சார். பத்து நிமிஷம் நெய்தேன். நகம் அகலத்துக்குக்கூடத் துணி வரல, மூணு இழை அறுந்துச்சு. அப்பா திட்டல. விரல் நுனியில முடிச்சுப் போட்டார். எந்த இடத்துல முடிச்சுன்னு அப்புறம் தேடினேன், கண்டுபிடிக்க முடியல.

மூணு மணிக்குக் கரண்ட் போச்சு. ஃபேன் நின்னுச்சு, ட்யூப்லைட் அணைஞ்சுது. தறிச் சத்தம் நிக்கல. ரூம்மேட் என்னைப் பார்த்து "சொன்னேன்ல?"ங்கிற மாதிரி ஒரு லுக் விட்டான்.

இதுக்காக அந்த வீட்டை 'பழங்காலம்'னு நினைச்சிடாதீங்க. தறிச் சட்டத்துல ஒரு ஆணி அடிச்சு அதுல போனை மாட்டியிருந்தார். இளையராஜா பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும். சேலை டிசைன் வாட்ஸப்புல வரும். கூலி ஜிபேயில வரும். கயிறை இழுத்தா நாடா ஓடுற அமைப்பு 1733ல ஜான் கே கண்டுபிடிச்சது. தலைக்கு மேல தொங்குற ஓட்டை போட்ட அட்டைகள் 1804ல பிரான்ஸ்ல ஜக்கார்டு கண்டுபிடிச்சது. நம்ம கம்ப்யூட்டர் பாடப் புத்தகத்துல முதல் யூனிட்ல வர்ற பஞ்ச் கார்டோட தாத்தா அந்த வீட்டுக் கூரையில தொங்குது. ஆனா டிவி மட்டும் தறி இருக்கிற அறையில கிடையாது. "பாட்டு காதுக்கு. டிவி கண்ணைப் பிடிச்சுக்கும். கண்ணு போச்சுன்னா இழை அறுந்தது தெரியாது"ன்னார். எந்த மெஷின் உள்ள வரலாம், எது வாசலோட நிக்கணும்னு அந்த வீட்டுக்கு ஏற்கனவே ஒரு சட்டம் இருந்துச்சு.

"மோட்டார் வேண்டாம் தம்பி"

சாயங்காலம் என் ஐடியாவைச் சொன்னேன். லேப்டாப்புல டிராயிங் காட்டினேன். பொறுமையா கேட்டார். அப்புறம் சொன்னார்: "நல்லாருக்கு. ஆனா மோட்டார் வேண்டாம் தம்பி."

பயமா இருக்கும், புரியலையோன்னு நினைச்சு மறுபடி விளக்க ஆரம்பிச்சேன். கையைக் காட்டி நிறுத்தினார். கல்யாணத்துக்கு முன்னாடி ஆறு வருஷம் அவர் எடப்பாடியில விசைத்தறி ஓட்டியிருக்கார். ராத்திரி ஷிஃப்ட். ஒரு ஆளுக்கு எட்டுத் தறி. "அங்க தறி ஓடும், நான் அது பின்னாடி ஓடுவேன். இங்க நான் நின்னா தறி நிக்கும்." இதைத்தான் சொன்னார். அவர் பேசும்போது குரல் கொஞ்சம் சத்தமாவே இருக்கும். அந்த ஆறு வருஷத்துல போன காதுன்னு ரூம்மேட் அப்புறமா சொன்னான்.

ரெண்டாவது காரணம் சட்டம். இதை நான் திரும்பி வந்துதான் படிச்சேன். 1985ல நாடாளுமன்றம் கைத்தறிக்குன்னு ஒரு ஒதுக்கீட்டுச் சட்டம் போட்டது. சில துணி வகைகளைக் கைத்தறியில மட்டும்தான் நெய்யணும், விசைத்தறியில நெய்யக் கூடாது. முதல்ல 22 வகை இருந்துச்சு, இப்போ 11. பார்டர் போட்ட பருத்தி, பட்டுச் சேலைகள், வேட்டி, துண்டு, லுங்கி, ஜமக்காளம் எல்லாம் அதுல வருது. விசைத்தறிக்காரங்க எதிர்த்து வழக்குப் போட்டாங்க. 1993ல உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும்னு சொல்லிடுச்சு. அந்தச் சட்டத்துல கைத்தறிக்கு இருக்கிற விளக்கம் என்ன தெரியுமா? விசைத்தறி அல்லாத எந்தத் தறியும் கைத்தறி. அப்போ தறியை நான் மோட்டாரால ஓட்டினா அது கைத்தறி இல்லை. சங்கம் வாங்காது. கைத்தறி முத்திரை கிடைக்காது. அவர் சேலை, எடப்பாடியில மணிக்கணக்குல ஓடுற சேலையோட விலையில போட்டி போடணும். ஒரே நாள்ல தோத்துடும். நான் உதவி பண்ணப் போய், அவருக்கு இருக்கிற ஒரே வேலியைப் பிடுங்கிப் போட இருந்தேன்.

எட்டு செமஸ்டர்ல டார்க் கணக்குப் போடக் கத்துக்கிட்டேன். இந்த மெஷினை வச்சதுக்கு அப்புறம் அந்த ஆளோட பிழைப்பு என்ன ஆகும்னு கணக்குப் போட ஒரு பேப்பரும் சொல்லித் தரல.

எங்கிட்ட யாரும் கேக்கலையே

இதோட கட்டுரையை முடிச்சிருந்தா அழகா இருக்கும். 'இயந்திரத்தை மறுத்த எளிய நெசவாளி'ன்னு தலைப்பு வச்சா லைக் அள்ளும். ஆனா முடியல. ஏன்னா ரெண்டாவது நாள் ராத்திரி ஒண்ணு நடந்துச்சு.

சாப்பிட்டு முடிச்சு எல்லாரும் படுக்கப் போயாச்சு. அம்மா மட்டும் சுவர் ஓரமா உக்காந்து ராட்டையைச் சுத்திக்கிட்டு இருந்தாங்க. வலது கை சக்கரத்தை ஓட்டும், இடது கை நூலைப் பிடிச்சு விடும். மறுநாளைக்கு வேண்டிய தார் எல்லாம் அன்னைக்கு ராத்திரியே ரெடியா இருக்கணும். காலையில சமையல், நடுவுல பாவு வேலை, சாயங்காலம் தண்ணி பிடிக்கிறது, அதுக்கப்புறம் இது. நடுநடுவே வலது தோளை இடது கையால அமுக்கி விட்டுக்கிட்டாங்க.

நான் பார்த்துக்கிட்டு இருந்ததைப் பார்த்துட்டுச் சொன்னாங்க: "தறிக்கு மோட்டார் வேண்டாம்னு அவரு சொல்லிட்டாரு. அது சரிதான் கண்ணு. எங்கிட்ட யாரும் கேக்கலையே. இந்த ராட்டைக்கு ஒரு மோட்டார் போட்டுக் குடுக்க முடியுமா?"

நான் ரெண்டு நாளா தறியை இஞ்ச் இஞ்சா அளந்திருக்கேன். ராட்டையை அளக்கவே இல்லை.

யோசிச்சுப் பாருங்க. ராட்டைக்கு மோட்டார் போட்டா சேலை கைத்தறிச் சேலையாவே இருக்கும். சட்டம் மாறாது, விலை மாறாது, அப்பாவோட கை வேலை மாறாது. அம்மாவோட தோள்வலி மட்டும் போகும். எந்த மெஷின் வீட்டுக்கு ஆகும், எது ஆகாதுன்னு அப்பா பாதி சொன்னார், மீதி அம்மா சொன்னாங்க. ரெண்டையும் சேர்த்தாத்தான் பதில் முழுசா வருது. ஒருத்தரோட வேலையைப் பிடுங்குற மெஷின் வேற, ஒருத்தரோட வலியை எடுக்குற மெஷின் வேற. வெளியே இருந்து பார்க்கிற நமக்கு ரெண்டும் ஒரே மோட்டார்தான். எது எதுன்னு அந்த வீட்டு ஆட்களுக்குத்தான் தெரியும், அதுவும் எல்லாரையும் கேட்டால்தான் தெரியும்.

ஆமிஷ் ஆட்கள் கேட்கிற கேள்வி

ஹாஸ்டலுக்குத் திரும்பி வந்து ஆமிஷ் பத்தி ஒழுங்கா உக்காந்து படிச்சேன். வீடியோ பார்த்து நான் புரிஞ்சுக்கிட்டதுல பாதி தப்பு.

1693ல ஸ்விட்சர்லாந்து, அல்சாஸ் பக்கம் இருந்த ஒரு கிறிஸ்தவப் பிரிவுல இருந்து யாக்கோப் அம்மான் என்பவர் தலைமையில பிரிஞ்சவங்க இவங்க. 18ஆம் நூற்றாண்டுல பென்சில்வேனியாவுக்குக் குடியேறினாங்க. இப்போ வட அமெரிக்காவுல சுமார் 4 லட்சம் பேர் இருக்காங்க. சுமார் இருபது வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணிக்கை இரட்டிப்பாகுது. அழிஞ்சுக்கிட்டு வர்ற கூட்டம் இல்லை.

அவங்க மெஷினுக்கு எதிரி இல்லை. இருபது முப்பது குடும்பம் சேர்ந்தா ஒரு சபை. எதைப் பயன்படுத்தலாம், எதைக் கூடாதுன்னு ஒவ்வொரு சபைக்கும் ஒரு எழுதாத சட்டம் இருக்கு, 'ஆர்ட்னுங்'னு பேரு. வருஷத்துக்கு ரெண்டு தடவை கூடி அதைப் பேசுவாங்க. போன் வீட்டுக்குள்ள வந்தா பக்கத்து வீட்டுக்கு நேரில் போற பழக்கம் நின்னுடும்னு நினைச்சாங்க. அதனால பல ஊர்கள்ல நாலஞ்சு வீட்டுக்குப் பொதுவா, வயலோரம் ஒரு சின்னக் கொட்டகையில போனை வச்சாங்க. கரண்ட் கம்பி வீட்டுக்குள்ள வந்தா கூடவே என்னென்னவோ வரும்னு லைன் வேண்டாம்னாங்க. ஆனா பட்டறையில டிரில், ரம்பம் எல்லாத்தையும் அழுத்தக் காற்றுல ஓட்டுறாங்க. தையல் மெஷினைக்கூடக் காத்துல ஓடுற மாதிரி மாத்தி வச்சிருக்காங்க. மெக்கானிக்கல் பசங்க கவனிக்க வேண்டிய விஷயம்.

அவங்க கேட்கிறது ஒரே கேள்விதான்: இந்தப் பொருள் உள்ள வந்தா நம்ம வீடும் தெருவும் என்ன ஆகும்? பதில் சில சமயம் நமக்கு வினோதமா இருக்கலாம். கேள்வி சரியான கேள்வி. டிவியைத் தறி அறைக்கு வெளியே வச்ச அந்த அப்பா கேட்டதும் இதைத்தான்.

ஆனா ஆமிஷ் வாழ்க்கையைத் தூக்கிக் கொண்டாடவும் எனக்கு மனசு வரல. அந்தச் சபையில போதகர் பொறுப்புக்கு ஆண்கள்தான் வர முடியும். எட்டாம் வகுப்போட பள்ளிப் படிப்பு முடிஞ்சிடும். 1972ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதுக்கு அனுமதியும் குடுத்துடுச்சு. அங்கயும் ராட்டை சுத்துற ஒரு அம்மா இருப்பாங்க, அவங்களை யாராவது கேட்டாங்களான்னு எனக்கு ஒரு சந்தேகம் இருந்துக்கிட்டே இருக்கு.

இன்னொரு பெரிய வித்தியாசம் இருக்கு. ஆமிஷ் பிள்ளைகள் வளர்ந்த பிறகுதான் ஞானஸ்நானம் எடுத்துச் சபையில சேருவாங்க. வேண்டாம்னா வெளியே போகலாம், ஆனாலும் பெரும்பாலானவங்க இருந்துடுறாங்க. காரணம் பக்தி மட்டும் இல்லை. அங்க நிலம் இருக்கு, பட்டறை இருக்கு, அந்த வாழ்க்கை சோறு போடுது. நம்ம தறிக்குழி சோறு போடுதா? 2019-20ல எடுத்த நாலாவது தேசியக் கைத்தறிக் கணக்கெடுப்புல நாடு முழுக்கச் சுமார் 35 லட்சம் பேர் இந்தத் தொழில்ல இருந்தாங்க. பத்து வருஷம் முன்னாடி அது 43 லட்சம். ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு குடும்பங்களோட மாத வருமானம் 5000 ரூபாய்க்கும் கீழே. ஒரு சேலைக்கு என்ன கூலின்னு அப்பாகிட்ட கேட்டேன், சொன்னார். எங்க ஹாஸ்டல் மெஸ் பில்லை மனசுல நினைச்சுப் பார்த்து வாயை மூடிக்கிட்டேன்.

என் ரூம்மேட்டுக்கு நெய்யத் தெரியும். நல்லாவே நெய்வான். அவன் முடிச்சுப் போடுறதைப் பார்த்தேன். ஆனா அவனுக்கு பெங்களூரு கம்பெனியில வேலை கிடைச்சாச்சு. "எனக்கு அப்புறம் இந்தக் குழியை மூடிடுவோம்"னு அவங்க அப்பா சோத்துல ரசம் ஊத்திக்கிட்டே சொன்னார், நாளைக்கு மழை வரும்ங்கிற மாதிரி. ஆமிஷ் அப்பா பையனை "இரு"ன்னு சொல்ல முடியும். இந்த அப்பாவால "போ"ன்னுதான் சொல்ல முடியும். அதனால, கைத்தறி வீட்டைப் பார்த்து "எவ்ளோ அமைதியான வாழ்க்கை"ன்னு நாம போஸ்ட் போடுறதுக்கு முன்னாடி, அது அவங்க தேர்ந்தெடுத்ததா, வேற வழி இல்லாததான்னு ஒரு தடவை கேட்டுக்கணும். அந்த வீட்டில் ரெண்டுமே கலந்திருக்கு. விசைத்தறி வேண்டாம்னு சொன்னது தேர்வு. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ராட்டை சுத்துறது தேர்வு இல்லை.

"அப்போ எல்லாத்தையும் விசைத்தறிக்கு மாத்திட்டா பிரச்சனை முடிஞ்சிடுமே"ன்னு என் கிளாஸ்மேட் ஒருத்தன் கேட்டான். அவன் வீடே விசைத்தறி வீடு. அவங்க கஷ்டமும் சாதாரணம் இல்லை, நூல் விலை ஏறினா தறி நிக்குது. 2023ல தமிழக அரசு இலவச மின்சாரத்தைக் கைத்தறிக்கு 200 யூனிட்ல இருந்து 300ஆவும், விசைத்தறிக்கு 750ல இருந்து 1000ஆவும் உயர்த்துச்சு. ரெண்டு பேருக்கும் கைதூக்கி விட வேண்டிய நிலைமைதான். நான் சொல்றது ஒருத்தரை ஒழிச்சு இன்னொருத்தரைக் காப்பாத்துறது இல்லை. விசைத்தறியில வந்த சேலையை 'கைத்தறி'ன்னு பொய் சொல்லி விக்காம இருந்தாலே பாதிப் பிரச்சனை தீரும். அந்தப் பொய்யால நஷ்டம் அப்பாவுக்கு மட்டும் இல்லை, காசு குடுத்து வாங்குற நமக்கும்தான்.

ரிவ்யூவில் என்ன ஆச்சு

ப்ராஜெக்டை மாத்தினோம். பழைய தையல் மெஷின் மோட்டார் ஒண்ணு, கால் ஸ்விட்ச் ஒண்ணு, வேகத்தைக் கட்டுப்படுத்த ஒரு சின்ன சர்க்யூட். அவ்வளவுதான். முதல் தடவை அம்மாகிட்ட எடுத்துட்டுப் போனப்போ படுதோல்வி. ஸ்விட்சை அமுக்கின உடனே மோட்டார் ஜிவ்வுனு கிளம்பும், பட்டு நூல் பட்டுனு அறுந்துடும். பதினோரு தடவை அறுந்துச்சு. பன்னிரண்டாவது தடவைக்கு முன்னாடி அம்மா சொன்னாங்க: "கை மெதுவா ஆரம்பிக்கும் கண்ணு. நூல் பிடிச்சதுக்கு அப்புறம்தான் வேகம். முடியும்போது மறுபடி மெதுவா." நாங்க ஒரு மாசம் தேடின டிசைன் ஸ்பெசிஃபிகேஷன் அதுதான். வேகம் படிப்படியா ஏறி இறங்குற மாதிரி ப்ரோக்ராமை மாத்தினோம். அப்புறம் அறுக்கவே இல்லை.

ரிவ்யூவுல கேட்டாங்க: "இதுல நாவல்ட்டி எங்கே? நூல் சுத்துற மோட்டார் மார்க்கெட்லயே இருக்கே?" உண்மைதான், இருக்கு. எங்ககிட்ட பதில் இல்லை. மார்க் குறைஞ்சது. மத்த டீம் எல்லாம் 'ஸ்மார்ட்' போட்டு ஜெயிச்சாங்க. அதுல பாதி ப்ராஜெக்ட் இப்போ லேப் பீரோவுக்குள்ள தூசியோட இருக்கு. எங்களோடது ஜலகண்டாபுரம் பக்கம் ஒரு வீட்டில் தினமும் ஓடுது. வயித்தெரிச்சல்ல சொல்லல, கொஞ்சம் வயித்தெரிச்சலும் இருக்குன்னு வச்சுக்கோங்க.

காலேஜுக்கும் ஜூனியர்ஸுக்கும் மூணு விஷயம் சொல்லிட்டு முடிக்கிறேன்.

ஒண்ணு. ப்ராஜெக்ட் டைட்டில் குடுக்கிறதுக்கு முன்னாடி, அதை யாருக்காகச் செய்றீங்களோ அவங்க கூட ரெண்டு நாள் இருந்துட்டு வாங்க. சேலம், நாமக்கல்லைச் சுத்தி இல்லாத தொழிலா? தறி, கோழிப்பண்ணை, லாரி பாடி கட்டுற பட்டறை, ஜவ்வரிசி மில், வெள்ளிக் கொலுசுப் பட்டறை எல்லாமே பஸ் தூரத்துல இருக்கு. போகும்போது வீட்டுத் தலைவர்கிட்ட மட்டும் கேக்காதீங்க. ராத்திரி கடைசியா யார் படுக்கப் போறாங்களோ, அவங்ககிட்டயும் கேளுங்க.

ரெண்டு. ப்ராஜெக்ட் மார்க் ஷீட்டுல 'நாவல்ட்டி'க்கு ஒரு கட்டம் இருக்கு. 'பயன்படுத்துறவங்க என்ன சொன்னாங்க'ன்னு ஒரு கட்டம் சேர்த்தா நல்லாருக்கும். ஸ்டாஃப் யாராவது இதைப் படிச்சா பரிசீலிக்கணும்னு பணிவோட கேட்டுக்கிறேன்.

மூணு. வருஷா வருஷம் டிரெடிஷனல் டே கொண்டாடுறோம். ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள்னு போஸ்டர் ஒட்டுறோம். ஆனா நாம கட்டிட்டு வர்ற வேட்டி, சேலையில எத்தனை கைத்தறின்னு யாராவது பார்த்திருக்கோமா? என்னோடது இல்லை, திரும்பி வந்ததும் பார்த்தேன். எல்லாராலும் பட்டு வாங்க முடியாது. ஒரு கைத்தறித் துண்டாவது முத்திரை பார்த்து வாங்கலாம்.

போன வாரம் அம்மா போன் பண்ணாங்க. ராட்டை நல்லா ஓடுதாம், ஒன்பதரைக்கெல்லாம் படுத்துடுறாங்களாம். நான் பெருமையா ஸ்பீக்கர்ல போட்டு ரூம்ல எல்லாருக்கும் கேக்க விட்டேன். அப்புறம் அவங்க கொஞ்சம் தயங்கிட்டு, "ஒண்ணே ஒண்ணு கண்ணு. மோட்டார் சத்தத்துல பாட்டு கேக்க மாட்டேங்குது. கொஞ்சம் குறைக்க முடியுமா?"ன்னு கேட்டாங்க.

ரப்பர் புஷ் வாங்கி வச்சிருக்கோம். வர்ற ஞாயித்துக்கிழமை போறோம்.